மூச்சு விடும் பேட்டரி

இல்மா உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது அவள் காதுக்குள் இரண்டு முறை மணி ஒலித்தது. முதலாவது தாழ்ந்து, இரண்டாவது சற்றே உயர்ந்து. பக்கத்தில் ஆள் இருந்திருந்தாலும் அந்த ஓசை அவருக்குக் கேட்டிருக்காது. காதுக்கருவி தன்னை அணிந்தவளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லும் செய்தி அது. சட்டைக் காலர் மைக் இணைந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த மைக் அவள் கணவன் ரெய்னோவின் காலரில் இருந்தது. ரெய்னோ கிறிஸ்துமஸுக்கு முன்பே ஏரியில் மூழ்கிப் போய்விட்டான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். மணி ஒலித்த பிறகு எப்போதும் கேட்பது கம்பளிச் சட்டையின் உரசல், அவன் மூக்கால் இழுக்கும் மூச்சு, பாதியில் நின்றுபோகும் ஏதோ ஒரு சீட்டி. இன்று அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆனால் வெறுமையும் இல்லை. யாரோ போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும்போது கம்பிக்கு அந்தப் பக்கம் ஓர் அறை இருப்பது நமக்குத் தெரியுமே, அப்படி ஒரு இடம் திறந்துகொண்டது. குளிர்ந்த, உயரம் குறைந்த, கல்லால் கட்டிய இடம். அடுப்பில் விறகு வெடித்தது, ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, அவள் சுவரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள். சற்று நேரத்தில் மணி தலைகீழாக ஒலித்து இணைப்பு அறுந்தது.

காது மங்கத் தொடங்கியபோது இல்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரங்களின் இரைச்சலுக்குள் பேச்சு கரைந்துபோக ஆரம்பித்து, கடைசியில் கருவி இல்லாமல் இடி விழுந்தாலும் பாதத்தில்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்துவிட்டாள். ஹவுட்டன் நகரத்தில் இருந்த காதுப் பரிசோதகி பிரிட்டாதான் கருவிகளை மாட்டிவிட்டு, பேட்டரியைப் பற்றி ரெய்னோவுக்கும் சேர்த்து விளக்கினாள். உள்ளே இருப்பது துத்தநாகம், மீதி வேலையை வெளிக்காற்று செய்கிறது, அதனால்தான் ஒரு பருப்பளவு வில்லைக்கு இவ்வளவு தெம்பு என்றாள். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும்வரை அது தூங்கும், பல வருஷம் கெடாது. ஸ்டிக்கரை உரித்தால் நுண்ணிய துளைகள் வழியாக மூச்சு விடத் தொடங்கும். உடனே கருவிக்குள் பூட்டிவிடாமல் ஒரு நிமிஷம் மேஜைமேல் வைத்து நன்றாக மூச்சு இழுக்க விட்டால் ஆயுள் கூடும். டார்ச் லைட்டைப் போல் மங்கி மங்கிச் சாகாது. கடைசிவரை ஒரே பலத்தோடு கேட்கும், பிறகு சட்டென்று நின்றுவிடும்.

“திரும்ப ஸ்டிக்கர ஒட்டினா தூங்கிடுமா?” என்று ரெய்னோ கேட்டான்.

“தூங்காது. ஒருதடவ மூச்சு விட ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்த முடியாது,” என்றாள் பிரிட்டா.

தாத்தா காலத்து ஃபின்னிஷ் மொழியில் இல்மா என்றால் காற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரெய்னோ அதை வைத்தே கேலி செய்தான். “உன்ன தின்னுதான் இது உயிர் வாழுது பாரு. என்னய மாதிரியே.” மூட்டு வீங்கிய அவள் விரல்களுக்கு அந்த வில்லை அகப்படாது. அவன்தான் மாற்றிக் கொடுப்பான், இரண்டு காதுக்கும் ஒரே நாளில், மறக்காமல் இருக்க அதுதான் வசதி என்று. பிறகு மைக்கும் வாங்கினார்கள். அவன் தோட்டத்தில் நின்று முணுமுணுத்தால்கூட அவளுக்குச் சமையலறையில் தோளோடு தோள் நின்று பேசுவதுபோல் கேட்கும். அவளுடைய பதில்தான் அவனுக்குப் போகாது. அது ஒருவழிப் பாதை.

அந்தக் கடைசி நாள் சாயங்காலம் அவன் படகுத்துறைக்கு அப்பால் ஏரி எவ்வளவு உறைந்திருக்கிறது என்று துளையிட்டுப் பார்க்கப் போனான். அவள் காப்பி வைத்துக்கொண்டிருந்தாள். காதில் அவன் சீட்டி அடித்துக்கொண்டிருந்தான். பிறகு கனத்த பீங்கான் தட்டு உடைவது போன்ற ஒரு சத்தம். தண்ணீர். இருமல். அதற்குப் பிறகு, அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று அடக்கி அடக்கிப் பேசும் குரல்.

“இல்மா, கேக்குதா? உள்ள விழுந்துட்டேன். பதறாத. போன் போட்டு ஆள கூப்பிடு. நீ மட்டும் பனி மேல கால் வெச்சிராத. கேக்குதா?”

அவள் போனை எடுக்கும்போது அவன் குரலுக்கு மேலேயே பேட்டரி தீரும் மணி கேட்டது. இரண்டு காதிலும்.

“இல்மா, கதவை மட்டும்...”

அதோடு முடிந்தது. கடைசி எழுத்துவரை தெளிவாக, பக்கத்தில் நின்று சொல்வதுபோல் தெளிவாக. பிறகு ஒன்றும் இல்லை. போனில் எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே விலாசத்தைக் கத்திவிட்டு அவள் கரைக்கு ஓடினாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. உடைந்த பனியின் விளிம்பைப் பிடித்தபடி அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்கிறது, கேட்கிறது என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். வாய் அசைவது நிற்கும்வரை ஆட்டினாள்.

அவன் தங்கை லெம்பி இரண்டு வீடு தள்ளி இருந்தாள். இழவு வீட்டுக் காப்பியைக் கலக்கிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னாள்: “படகுக் கொட்டகை கதவத்தான் சொல்லியிருப்பான் அண்ணி. கயிறு அங்கதான தொங்குது.” சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை. ஆனால் இல்மா அந்த வாக்கியத்தை இரவும் பகலும் முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவை மட்டும் உடை. கதவை மட்டும் பூட்டு. கதவை மட்டும் திறந்து வை.

மண் உறைந்து இறுகிவிட்டதால் குழி தோண்ட வழியில்லை. குளிர்காலத்தில் போகிறவர்களை எல்லாம் வைப்பதுபோல், பனி உருகும்வரை அவனையும் கல்லறைத் தோட்டத்துக் கல்மாடத்தில் வைத்தார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் இல்மா அந்த மைக்கை எடுத்துக் கட்டம்போட்ட கம்பளிச் சட்டையின் காலரில் மாட்டிவிட்டாள். சடங்கு செய்பவர் தயங்கி, அது தண்ணீரில் ஊறிப்போனது, இனி வேலை செய்யாது என்றார். தெரியும் என்றாள். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க அவளால் முடியாது. அவ்வளவுதான்.

மணி ஒலித்த மறுநாளே லெம்பி அவளை ஹவுட்டனுக்கு அழைத்துப் போனாள். பிரிட்டா கருவிகளைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். சுற்றுவட்டாரத்தில் எந்த மைக்கும் இல்லை, இருந்தாலும் சில டஜன் அடிக்கு மேல் எட்டாது என்றாள். இல்மாவின் மனசு ஆறட்டும் என்று அந்த மைக்கின் பெயரையே கருவியின் நினைவிலிருந்து அழித்தாள். இரண்டு காதுக்கும் ஒரே நாளில் பேட்டரி மாற்ற வேண்டாம், ஒன்று தீர்ந்தாலும் மற்றது இருக்கட்டும் என்று மட்டும் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

திரும்பும் வழியில் லெம்பி ஸ்டியரிங்கைத் தட்டினாள். “உயிரோட இருந்தப்பவே எங்கண்ணன் ஒரு பேச்ச ஒழுங்கா முடிச்சதில்ல. இப்ப வந்துதான் முடிக்கப் போறானாக்கும்.” இருவரும் சிரித்தார்கள். பாலம் தாண்டும்வரை சிரித்தார்கள். பிறகு லெம்பி காரை ஓரமாக நிறுத்தவேண்டியதாயிற்று, கண் தெரியவில்லை.

அழித்த பெயர் அன்று மாலையே வந்தது. தாழ்ந்து ஒரு மணி, உயர்ந்து ஒரு மணி.

இல்மா யாரிடமும் சொல்லவில்லை. பிற்பகல் ஆனதும் ரொட்டி வேலையை முடித்து, கை துடைத்து, அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்வாள். ஏலக்காய் மணமும் புகையும் கலந்த அந்த அறையில், பனி வெளிச்சம் நீலமாகி ஜன்னலை விட்டு விலகும் நேரத்தில், அந்தக் கல் இடம் காதுக்குள் திறக்கும். எங்கோ ஒரு சொட்டு விழும். காற்று இடுக்கில் ஊதும். குளிரில் மரம் சுருங்கி முனகும். பயம் இல்லாமல் இல்லை. கழற்றி மேஜைமேல் வைத்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் கை காதுவரை போகும். ஆனால் கழற்றினால் அவளுக்கு அந்தப் பக்கம் மட்டுமா கேட்காமல் போகும்? இந்த வீடும்தான் கேட்காமல் போகும். வாசலில் யார் வந்தாலும் தெரியாது. அதைவிட, அவன் பேசும்போது அவள் கேட்காமல் இருந்தது ஒருமுறை நடந்தது போதும்.

ஒருநாள் கம்பளி உரசியது. படுக்கையில் அவன் புரண்டு படுக்கும்போது கேட்கும் அதே உரசல். அவள் வாயில் முந்தானையைப் போல ஏப்ரனை அழுத்திக்கொண்டு அழுதாள், அதில் எவ்வளவு பயம், எவ்வளவு ஏக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னொரு நாள் பலகை மேல் நகம் இழுபட்டது. அதற்கு அடுத்து, நெடுநேரம், இரும்பில் எதுவோ மோதிக்கொண்டிருந்தது. பொறுமையாக. விடாமல்.

புயல் வந்த அன்று காலையிலேயே வலது காது பேட்டரி தீர்ந்தது. அட்டையில் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. இடது காது ஓடிக்கொண்டிருந்ததால் அதை உரிக்காமல் வைத்தாள். மதியத்துக்குள் சாலை மூடிவிட்டது. லெம்பி போன் செய்தாள். பனி தள்ளும் வண்டி நாளைக்குத்தான் வருமாம், விறகை உள்ளே எடுத்து வைத்துக்கொள் என்றாள். கொஞ்சம் நிறுத்தி, பிறகு சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னாள்:

“கல்லறைத் தோட்டத்து ஆளு கூப்பிட்டிருந்தான் அண்ணி. கல்மாடத்து கதவு திறந்து கெடக்காம். காத்துதான். புயல் ஓஞ்சதும் நான் போய் பாத்துக்கறேன். நீ வெளிய வராத.”

“உள்ள யாராவது போய் பாத்தாங்களா?”

“இந்த பனியிலயா? யார் போவா?”

போனை வைத்ததும் மின்சாரம் போயிற்று. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், விளக்கின் மெல்லிய ரீங்காரம், எல்லாம் ஒன்றாக அடங்கின. அடுப்பின் சிவப்பு மட்டும் தரையில் கிடந்தது. அப்போது காதில் மணி கேட்டது. ஒன்று தாழ்ந்து. ஒன்று உயர்ந்து.

இன்று கல் அறை இல்லை. திறந்தவெளி. காற்று மைக்கின் மேல் அறைந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், நிதானமாக, பனியை மிதிக்கும் சத்தம். மிதி, இழு. மிதி, இழு. ஒவ்வொரு நாலைந்து அடிக்கும் ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள் தண்ணீர் இருந்தது. குழாயில் அடைத்துக்கொண்ட தண்ணீர் இறங்க முடியாமல் குமுறுவதுபோல்.

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். காதுக்குள் ஒரு நாய் குரைத்தது. தெருமுனை வீட்டு நாய், அவளுக்குத் தெரிந்த குரல். குரைப்பு பாதியில் ஊளையாகி, வீட்டுக்குள் ஓடி மறைந்தது. பிறகு தபால்பெட்டி மூடி காற்றில் அடித்துக்கொள்ளும் டக் டக். அது அவர்கள் தபால்பெட்டி. கீல் தளர்ந்து இரண்டு வருஷமாகச் சரிசெய்யாதது.

மிதி. இழு.

வீட்டைத் தாண்டிப் போயிற்று. ஏரிப்பக்கம். படகுக் கொட்டகையின் சங்கிலி அசைந்தது. கதவை இழுக்கும் சத்தம். விட்டு, மறுபடி இழுக்கும் சத்தம். பிறகு அங்கேயே நின்றது. காற்றும் அந்தத் தண்ணீர் மூச்சும் மட்டும். அவ்வளவு நேரம் அங்கே எதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று நினைத்தபோது இல்மாவின் நெஞ்சு பிளந்தது.

மறுபடியும் நடை. இந்த முறை மேலே. வீட்டை நோக்கி.

புகை தொண்டையில் இறங்கி அவள் இருமினாள். இருமல் இரண்டுமுறை கேட்டது. ஒன்று அவள் வாயிலிருந்து. இன்னொன்று மெலிந்து, பலகைச் சுவருக்கு வெளியிலிருந்து, அவன் காலர் வழியாக.

அவள் அசையவில்லை. சுவர்க்கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் இரண்டாகக் கேட்டது. வெளியே நின்று யாரோ அவள் வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடது காதில் பேட்டரி தீரும் மணி.

“ரெய்னோ,” என்றாள். மறுபடி சொன்னாள். “ரெய்னோ, கதவ என்ன பண்ணட்டும்? எனக்கு மிச்சம் கேக்கலப்பா. அன்னைக்கு கேக்கல.”

மூச்சு நின்றது. உதடு பிரியும் ஈரச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு எழுத்து தொடங்கியது.

அறுந்துவிட்டது.

மௌனம். பஞ்சு அடைத்ததுபோன்ற, நீருக்கு அடியில் இருப்பதுபோன்ற மௌனம். அவள் கருவியைத் தட்டினாள். ஒன்றுமில்லை. பாதத்தின் கீழ்ப் பலகை மெல்ல அதிர்ந்தது. வாசல் படி. முதல் படி. இரண்டாவது.

பிறகு அதிர்வு இல்லை. காத்திருக்கிறான்.

பூட்டு என்று சொல்லியிருக்கலாம். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். முப்பது குளிர்காலங்கள் அவன் வெளியிலிருந்து வந்து காலுறையைக் கழற்றுவதற்குள் அவள் காப்பியை ஊற்றியிருப்பாள். இப்போது அவன் குளிரில் நிற்கிறான். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். தாழ்ப்பாள் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. அதற்கு அந்தப் பக்கம், ஒரு பலகைக் கனத்துக்கு அப்பால், யாரோ.

தாழ்ப்பாளை விலக்கினாள். கதவைத் திறக்கவில்லை. அதற்கு அவளுக்குத் தெம்பில்லை. திரும்பி, நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கையில் கடைசி பேட்டரி. விரல்கள் ஸ்டிக்கரைத் தேடின. வழுக்கியது. மறுபடி தேடின. உரிந்தது. உடனே பூட்டக் கூடாது. காற்று உள்ளே போகவேண்டும். ஒரு நிமிஷம்.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கணுக்காலில் குளிர் தொட்டது. கதவு திறந்துவிட்டது.

நாற்றம். ஏரிச் சேறு. ஊறிய கம்பளி. அதற்கு அடியில் இனிப்பாக, அவள் அறிய விரும்பாத இன்னொன்று.

பலகை அதிர்ந்தது. அதிர்ந்தது. அடுப்பின் வெக்கை முகத்திலிருந்து மறைந்தது. நடுவில் எதுவோ வந்து நின்றது.

அதிர்வு நின்றது.

இன்னும் கொஞ்சம். மூச்சு இழுக்கட்டும். அவள் தானும் மூச்சு இழுத்தாள். வில்லையைக் கருவிக்குள் வைத்தாள். பக்கம் தவறியது. திருப்பி வைத்தாள். மூடினாள். காதில் மாட்டினாள். அந்த வாக்கியத்தின் மிச்சத்துக்காகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.

இரண்டு மணி.

வார்த்தை வரவில்லை. மூச்சும் வரவில்லை. வேறொரு சத்தம். டப். டப். டப். வேகமாக. மிக மிக அருகில். மைக்கை எதன் மேலோ அழுத்தினால் வரும் சத்தம். துணிக்கு அடியில். எலும்புக்கு அடியில்.

அவள் மூச்சைப் பிடித்தாள். அது தடுமாறியது. விட்டாள். தறிகெட்டு ஓடியது.

அவளுடைய இதயம்.

மடி கனத்தது. ஸ்வெட்டரின் முன்பக்கம் நனைந்து தோலோடு ஒட்டியது. குளிர் வயிற்றில் இறங்கியது.

கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் மெல்ல இறக்கினாள். ஈரமான தலைமுடி. முடிக்குள் பனித்துகள்கள், மணல், ஒரு நீர்ச்செடி. விரல்கள் நின்றன. பிறகு, அவளைக் கேட்காமல், கோதத் தொடங்கின.

அவள் மார்பின்மேல் அந்தத் தலை இன்னும் கொஞ்சம் அழுந்தியது.